முழு மாதம் போலிருந்த குழந்தை

நான் வேலை பார்த்த கருத்தரிப்பு மையத்தில் இப்போது புதுக் கருவை அப்படியே கருப்பையில் வைப்பது அரிதாகிவிட்டது. உருவாகும் கருக்கள் எல்லாவற்றையும் முதலில் உறையவைத்துவிடுகிறார்கள். ஓரிரு மாதங்கள் கழித்து, ஊசி மருந்துகளால் களைத்த தாயின் உடம்பு பழைய நிலைக்கு வந்ததும், ஒன்றை எடுத்து உறைவு நீக்கி வைக்கிறார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் திவ்யா கொழிஞ்சாம்பாறைப் பெண். போன மாதம் தொலைபேசியில் கேட்டாள்.

“ஏனுங்கக்கா, எல்லாத்தையும் உறைய வெச்சுட்டா நமக்கு வேலை சுலபமுங்க. கொழந்தைக்கு ஏதாச்சும் ஆகுமான்னு கேக்கறவங்களுக்கு நான் என்னங்க சொல்றது? புஸ்தகத்துல இருக்கறதச் சொன்னா பயந்துக்கறாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லவும் மனசு வரமாட்டேங்குது.”

அவளுக்குத் தொலைபேசியில் சொன்ன பதில் போதுமானதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் எலப்புள்ளியில் நெல்லும் தென்னையும் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். பாலக்காட்டில் விலங்கியல் படித்தேன், கோயம்புத்தூரில் இந்தத் தொழிலைப் பழகினேன், பிறகு பாலக்காட்டுக்கே திரும்பி ஒரே மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் எதுவுமில்லை. நுண்ணோக்கிக்கு முன்னால் மூச்சை அடக்கி உட்காரக் கற்றுக்கொண்டேன்.

தொடக்கத்தில் கருவை மெதுவாக உறையவைக்கும் எந்திரம்தான் இருந்தது. வெப்பத்தைச் சிறிது சிறிதாக அது இறக்கும். கருவுக்குள் இருக்கும் நீர் எங்காவது பனித்துகளாக மாறிவிட்டால் அந்தத் துகள் செல்லைக் கிழித்துவிடும். வெளியே எடுத்துப் பார்க்கும்போது சிதைந்து கிடக்கும் கருக்கள் அன்று நிறைய. பிறகு முறை மாறியது. கருவிலுள்ள நீரைப் படிப்படியாக வெளியேற்றி, அந்த இடத்தில் பாதுகாப்புத் திரவத்தை ஏற்றி, நகத்தைவிடக் குறுகலான ஒரு பட்டையின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத துளியாக வைத்து, திரவ நைட்ரஜனுக்குள் ஒரே மூச்சில் அமிழ்த்த வேண்டும். நீர் பனியாவதற்கு நேரமே இருக்காது. கண்ணாடியைப் போல இறுகிவிடும். அதன்பின் அந்தக் கருவுக்கு வளர்ச்சியும் இல்லை, முதுமையும் இல்லை.

திரும்ப எடுக்கும்போது வெதுவெதுப்பான கரைசலில் அதே வேகத்தோடு விட வேண்டும். கரு சுருங்கிய கிழிந்த பலூனைப் போலத் தெரியும். தட்டை இன்குபேட்டரில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உயிருள்ளது என்றால் மெல்ல உப்பி உருண்டு வரும். இல்லையென்றால் அப்படியே கறுத்துக் கிடக்கும். காத்திருக்கும் அந்த நேரத்தில் என்னோடு யாரும் பேச மாட்டார்கள். பேசினாலும் நான் பதில் சொன்னதில்லை.

மையத்தின் தலைவர் டாக்டர் சுந்தரம். கல்பாத்திக்காரர். பேச்சும் அந்தத் தெருவின் பேச்சுதான். கருவைத் தாய்க்கு வைப்பதற்கு முன் தாயின் பெயர், தந்தையின் பெயர் இரண்டையும் நான் உரக்கச் சொல்ல வேண்டும், அவர் திருப்பிச் சொல்வார், பிறகு அந்தப் பெண்ணே ஒருமுறை சொல்ல வேண்டும். ஒரு தடவை ஒரு சினிமாக்காரர் வீட்டுப் பெண், “எம்பேரு ஒங்களுக்குத் தெரியாதா டாக்டர்?” என்று சிரித்தாள். “எனக்குத் தெரியும். உள்ளே இருக்கறதுக்குத் தெரியணுமோன்னோ?” என்றார் அவர் சிரிக்காமல்.

ஒரு ஹர்த்தால் நாளில் கோயம்புத்தூரிலிருந்து வந்த நைட்ரஜன் வண்டியை மாநில எல்லையில் வாளையாரில் மறித்துவிட்டார்கள். டாக்டர் ஒரு பையனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய், கொடி பிடித்து நின்றவர்களிடம், “எங்க கேனுக்குள்ளே ஒரு கிராமமே உக்காந்துண்டிருக்கு. அது பூரா வேகப்போறது. கொஞ்சம் நகருங்கோ” என்றாராம். என்ன புரிந்துகொண்டார்களோ, வண்டியை விட்டுவிட்டார்கள்.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. உறையவைத்த கருவைப் பற்றி எல்லாத் தம்பதிகளிடமும் அவரே நேரில் சொல்வார். அதை வேறு யாரிடமும் விடமாட்டார். “புதுசா வெச்ச கரு சில சமயம் கொஞ்சம் சின்னக் குழந்தையாப் பொறக்கறது. உறைய வெச்சு எடுத்ததோ, கொஞ்சம் பெரிசாப் பொறக்கறது உண்டு. தாயாருக்கு ரத்த அழுத்தம் ஏறலாம். ஏன்னு கேட்டா, முழுக்க எனக்குத் தெரியாதாக்கும். ஒலகத்துல யாருக்கும் முழுக்கத் தெரியாது. பெரும்பாலான கொழந்தைகள் சொகமாத்தான் இருக்கா.” இவ்வளவும் சொல்லிவிட்டு, கேட்டதைத் தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்வார். வரவேற்பில் இருந்தவர்கள், ‘இப்படிப் பயமுறுத்தினால் வருகிறவர்கள் பக்கத்து மையத்துக்குப் போய்விடுவார்கள்’ என்று முணுமுணுப்பார்கள். சிலர் போனார்கள்தான்.

இனி ஜெயராணியைப் பற்றி.

ஜெயராணியும் அந்தோணியும் போடிமெட்டுக்கு அருகே ஓர் ஏலத்தோட்டத்திலிருந்து வந்தார்கள். அவர் அங்கே சூப்பர்வைசர். அவள் ஏலக்காய் ஸ்டோரில் காய்களைத் தரம் பிரிக்கிறவள். கலியாணமாகி ஒன்பது ஆண்டுகள். தேனியும் மதுரையும் அவர்களுக்கு அருகில் இருக்க, ஏன் இத்தனை தூரம் வந்தார்கள் என்று முதல் நாளே கேட்டேன்.

“பக்கத்துல போனா தெரிஞ்ச மொகம் தட்டுப்படும்க்கா. இங்கன யாரும் வரமாட்டாக” என்றாள்.

அவளுக்கு மூன்று கருக்கள் கிடைத்தன. சினைப்பை வீங்கியிருந்ததால் மூன்றையும் உறையவைத்தோம். டாக்டர் வழக்கம்போல விளக்கியபோது அந்தோணி இடைமறித்தார்.

“சார், எங்க ஏலக்காயே ரெண்டு வருசம் மூட்டையில கெடந்தா மணம் போயிரும். இது போவாதா?”

“இது மணக்கறதுக்கு இல்லையே ஓய்” என்றார் டாக்டர். அன்று மூவரும் சிரித்தார்கள்.

ஜெயராணி திருப்பிச் சொல்வதில் தடுமாறவே இல்லை. “பிள்ள பெருசாப் பொறக்கலாம். எனக்குப் பிரஷர் வரலாம். கரு வச்ச தேதியில இருந்துதான் மாசத்த எண்ணணும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தத் தேதியச் சொல்லணும்.” டாக்டர் தலையாட்டினார். அவர் பாடம் நடத்திய யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

ஓர் அக்டோபரில் கருவை வைத்தோம். உறைவு நீக்கியதும் அது அழகாக உப்பி வந்தது. தங்கிவிட்டது. முதல் மாதங்களில் எங்களிடமே வந்தாள், ஸ்கேன்களும் இங்கேயே. ஏழாம் மாதத்தில் மலைப்பாதையில் இவ்வளவு தூரம் வருவது சரியல்ல என்று, மலைக்குக் கீழே அவர்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினோம். கோப்பையும் கொடுத்தோம். அதன்பின் நடந்ததை நான் அந்தோணி சொல்லித்தான் அறிந்தேன்.

எங்களுக்குத் தெரியாமல் இருந்தது இதுதான். அதே ஆண்டு செப்டம்பரில், அந்தோணியின் தாயார் செசிலி அம்மாள் மகனையும் மருமகளையும் பங்குக் கோயில் சபையாரின் பஸ்ஸில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு அழைத்துப் போயிருக்கிறார். மாதாவிடம் பிள்ளை வேண்டி முழங்காலில் நடந்திருக்கிறார். பஸ் முழுக்க அவர்கள் லயத்து ஆட்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் பக்கத்தில் குடியிருப்பவர்கள். பாலக்காட்டுச் சிகிச்சை செசிலி அம்மாளுக்குத் தெரியாது. அக்டோபரில் இங்கு வந்ததைத் தோட்ட வேலையாக வெளியூர் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கரு தங்கிய செய்தி வெளியே தெரிந்த அன்றே, திருவிழா முடிந்து வந்த கையோடு மாதா கொடுத்துவிட்டாள் என்று செசிலி அம்மாள் லயம் முழுவதும் சொல்லிவிட்டார். கோயிலில் நன்றிப் பூசையும் வைத்தாகிவிட்டது. செப்டம்பர் கடைசியில் ஜெயராணிக்கு மாதவிலக்கு வந்ததை அவள் வீட்டில் மறைத்திருந்தாள். ஆகவே யாருக்கும் சந்தேகமில்லை.

கீழே ஆஸ்பத்திரியில் நர்ஸ் கடைசி மாதவிலக்குத் தேதி கேட்டபோது பக்கத்து ஸ்டூலில் மாமியார். ஜெயராணி, திருவிழாவுக்குப் பொருந்துகிற மாதிரி, உண்மையான கணக்குக்கு ஒரு மாதத்துக்குச் சற்று முந்தைய தேதியைச் சொன்னாள். எங்கள் கோப்பு பீரோவில் சேலைகளுக்கு அடியில் போய்விட்டது.

கருவின் வயதை ஸ்கேனில் எட்டு வாரத்தில் அளந்தால் ஏமாற முடியாது. ஏழு மாதத்துக்கு மேல் அளந்தால் குழந்தையின் பருமன்தான் வயதாகத் தெரியும். ஜெயராணியின் குழந்தையோ டாக்டர் சுந்தரம் சொன்னது போலவே பெரிதாக வளர்ந்துகொண்டிருந்தது. அது அவள் சொன்ன பொய்த் தேதிக்கு ஏறக்குறைய ஒத்துப்போனது. பார்த்த மருத்துவருக்குச் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அந்தத் தேதியைத்தான் நம்பியிருப்பேன்.

மே மாதக் கடைசியில் அவளுக்குக் கால் வீங்கியது, ரத்த அழுத்தம் ஏறியது. நாள் நிறைந்துவிட்டது என்று அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. கொழுகொழுவென்று மூன்று கிலோவுக்கு மேல். செசிலி அம்மாள் வார்டு முழுக்கக் கற்கண்டு கொடுத்தாராம். “மாதா எடை போட்டுக் குடுத்துருக்கா பாருங்க” என்று நர்ஸுகளிடமும் சொன்னாராம்.

பிறந்த சிறிது நேரத்தில் குழந்தை முனகத் தொடங்கியது. மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போய்ப் போய் வந்தது. பெரிய குழந்தை, பிறக்கும்போது தண்ணீர் குடித்திருக்கும், சரியாகிவிடும் என்று பார்த்தார்கள். முழு மாதக் குழந்தையென்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரத்தத்தில் சர்க்கரை இறங்கி வலிப்பு வந்த பிறகுதான் ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே ஓர் இளம் மருத்துவர், பெண், குழந்தையின் எடையைக் கேட்கவில்லை. உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். முழு மாதக் குழந்தைக்குக் குதிகால் வரை ஓடும் கோடுகள் விரலடியோடு நின்றிருந்தன. காதை மடித்து விட்டாள். அது சட்டென்று நிமிராமல் மெதுவாக விரிந்தது. “இது எட்டு மாசக் கொழந்தை மாதிரி இருக்கே. தேதிய யார் சொன்னது?” என்று அந்தோணியிடம் கேட்டாள்.

அவர் வராந்தாவுக்கு வந்து எனக்குப் போன் செய்தார்.

“அக்கா, ராணிக்குக் கரு வச்ச தேதி என்ன?”

சொன்னேன். மறுமுனையில் அவர் அதை உள்ளே யாருக்கோ திருப்பிச் சொல்வது கேட்டது. ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

தேதி தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தாயின் அழுத்தத்துக்கு மருந்து கொடுத்து, முடிந்த மட்டும் நாளைத் தள்ளியிருப்பார்கள். குழந்தையின் நுரையீரல் முதிர ஊசி போட்டிருப்பார்கள். எப்படியும் எடுத்துத்தான் ஆகவேண்டுமென்றால், மூச்சுக்கருவி இருக்கிற இடத்துக்கு முன்பே அனுப்பியிருப்பார்கள். அதனால் நிச்சயம் பிழைத்திருக்கும் என்று நான் எழுத மாட்டேன். பிழைக்கிற வாய்ப்பு அதிகம் இருந்திருக்கும்.

நான்காம் நாள் குழந்தை இறந்தது. அதற்கு முன் செசிலி அம்மாளே கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, நெற்றியில் தண்ணீர் தொட்டு, ஆரோக்கியமேரி என்று பெயர் வைத்தாராம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் மூவரும் பாலக்காட்டுக்கு வந்தார்கள். சிகிச்சை விஷயம் அதற்குள் செசிலி அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. மெலிந்த, நிமிர்ந்து உட்காரும் பெண்மணி. டாக்டர் என்னையும் உள்ளே இருக்கச் சொன்னார்.

“ஐஸுல வச்சு எடுத்த பிள்ள எப்படிய்யா பொழைக்கும்?” என்று செசிலி அம்மாள்தான் ஆரம்பித்தார். “ஒரு மீன வச்சு எடுத்தாலே சதை விட்டுப்போவுது. இது பச்ச உசுரு. இவுக படிக்காததுக. நீங்க படிச்சவுகல்லா? சொல்லியிருக்க வேண்டாமா?”

ஜெயராணி தலை குனிந்திருந்தாள். அவள் முகத்தில் நான் பார்த்ததை இன்றும் மறக்க முடியவில்லை. டாக்டர் ‘ஆமாம்’ என்று சொல்லிவிட வேண்டும் என்று அவள் விரும்பினாள். பழி எங்கள் நைட்ரஜன் டேங்கின் மேல் விழுந்துவிட்டால் அவள் வீட்டில் குடியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் மிச்சமிருந்த இரண்டு கருக்களையும் அவள் எடுத்துக்கொள்ள மாட்டாள். இரண்டும் டாக்டருக்குத் தெரிந்திருந்தது. மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார்.

“நீங்க கேக்கறது நியாயம்தான்” என்றார். “உறைய வெச்சதுனால ஒண்ணுமே இல்லைன்னு நான் சொல்லப்படாது. கொழந்தை பெரிசா இருந்ததுக்கு அது காரணமா இருக்கலாம். பிரஷர் ஏறினதுக்கும் இருக்கலாம். ஆனா மூச்சு விட முடியாமப் போனதுக்கு அது இல்லை. ஒடம்புதான் பெரிசா இருந்தது. மாசம் ஆகலை.”

“மாசம் ஆவலையா? செப்டம்பர்ல இருந்து நான்லா ஒவ்வொரு மாசமா எண்ணிக்கிட்டு வாரேன்!”

அந்தோணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்டோபர் அத்த” என்றாள் ஜெயராணி.

“என்னது?”

“செப்டம்பர் இல்ல. அக்டோபருலதான் இங்கன வச்சாக. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

செசிலி அம்மாள் மருமகளை வெகு நேரம் பார்த்தார். “அக்டோபருன்னு சொல்லியிருந்தா ஒன்ன அடிச்சா போட்டுருப்பேன், ஏட்டி?”

“அடிக்க மாட்டீக. மாதா குடுத்தான்னு லயம் பூராவும் சொல்லிட்டீக. சாமியாரும் பூசையில வாசிச்சிட்டாரு. அதுக்குப் பெறவு எந்த வாயால சொல்ல?”

செசிலி அம்மாள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அழுகிற சத்தம் வரவில்லை. வெளியே போகும்போது, ஆறுதலுக்காகவா தன் தள்ளாட்டத்துக்காகவா தெரியவில்லை, ஜெயராணியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

அவர்கள் போனபின் டாக்டர் லேபுக்குள் வந்து செருப்போடு நின்றார். அப்படி அவர் வந்ததே இல்லை.

“வசந்தா, நான் சொல்லாம இருந்திருக்கணுமோ?”

“கேட்டாங்களே சார்.”

“கேட்டது அந்த அம்மா. பதில் போய் விழுந்தது இந்தப் பொண்ணு மேல.”



அதற்குப் பிறகு அவர் தன் விளக்கத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டார். பெரிதாகப் பிறக்கலாம், அழுத்தம் ஏறலாம் என்பதற்கெல்லாம் முன்னால், “ஆத்துல யாருக்கெல்லாம் இது தெரியும்?” என்று கேட்பார். யாருக்கும் தெரியாது என்றால், பிரசவம் பார்க்கப்போகிற மருத்துவரிடம் அவரே போனில் பேசி, தேதியைத் தம் வாயால் சொல்லிவிடுவார். தம்பதிகள் கோபித்துக்கொண்டாலும் விடமாட்டார். திவ்யா, நீ அதைக் கேட்கத் தவறாதே. உறைந்த கருவால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல். அதோடு, பெரிதாக இருக்கும் குழந்தை முதிர்ந்த குழந்தை அல்ல என்பதையும் சொல். பயந்து போகிறவர்கள் போகட்டும்.

ஓர் ஆண்டும் சில மாதங்களும் கழித்து ஜெயராணி மீண்டும் வந்தாள். இந்த முறை செசிலி அம்மாளும் கூடவே வந்தார். லயத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். சாமியாரிடமும் சொன்னார்களாம். அவருக்கு இதில் சம்மதமில்லை என்றாலும் திட்டவில்லையாம்.

இரண்டு கருக்களையும் எடுத்தேன். ஒன்று உப்பவே இல்லை. காத்திருந்து, மறுபடி பார்த்து, மறுபடி காத்திருந்து, டாக்டரையும் அழைத்துக் காட்டிவிட்டு ஒதுக்கினேன். மற்றது நல்லபடியாக உருண்டு வந்தது. பெயர்களைச் சொன்னோம். ஜெயராணி கண்ணை மூடிக்கொண்டு தன் பெயரைச் சொன்னாள். வைத்து முடிந்ததும் செசிலி அம்மாள் என்னிடம் வந்து, “இன்னைக்குத் தேதி என்ன தாயி?” என்று கேட்டார். சொன்னேன். சிறு குழந்தை வாய்ப்பாடு படிப்பது போல உதட்டுக்குள் சொல்லிக்கொண்டார். “இந்தத் தடவ நர்சம்மா கேட்டா நாந்தான் சொல்லுவேன். இவ வாயத் தொறக்கக் கூடாது” என்றார். ஜெயராணி லேசாகச் சிரித்தாள்.

இரண்டு வாரம் அவர்கள் பாலக்காட்டிலேயே ஒரு லாட்ஜில் தங்கினார்கள். இரத்தப் பரிசோதனை முடிவு மதியம் வந்தது. கரு தங்கவில்லை. டாக்டர் ஜெயராணியையும் அந்தோணியையும் உள்ளே அழைத்துச் சொன்னார். இனி எடுக்க எங்களிடம் எதுவும் இல்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்க அவள் உடம்பு தாங்காது என்பதையும் அவர்தான் சொன்னார்.

செசிலி அம்மாள் வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவு திறந்திருந்ததால் அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. கரு வைத்த அந்தத் தேதியை, நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தெளிவாக, தப்பில்லாமல் எனக்குச் சொன்னார்.

“சரிதான தாயி?”

“சரிங்கம்மா.”

“இனி யாரு கேக்கப் போறா” என்றார்.